வேங்கடத்தின் அடிக்கல்

மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதை குண்டக்கல்லைக் கடந்து, கடப்பை, ரேணிகுண்டா, புத்தூர், அரக்கோணம் என்று இறங்கி வருவதை வடபுலத்தில் வாழும் நம்மவர் நன்கு அறிவர். ரேணிகுண்டாவை வண்டி நெருங்கியதும் பெரியோர் மேற்குப் பக்கத்துச் சன்னலை நோக்கிக் கைகூப்புவர். அடிவாரத்தில் சரிவாகவும், உச்சியில் அரிவாளால் அறுத்துவிட்ட சுவரைப்போலச் செங்குத்தாகவும் அங்கே ஒரு மலைத்தொடர் தெரியும். அதுவே வேங்கடம்.

தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கெல்லையாக இம்மலையையும் தெற்கெல்லையாகக் குமரியையும் கூறினார். ஆட்சியாளர் வகுத்த எல்லைகளோ அடிக்கடி இடம் பெயர்ந்துள்ளன. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் தனியே அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனுடன் சேர்ந்தது. படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வெல்லைகளைப் பற்றிப் பேசியும் போராடியும் எழுதியும் உள்ளோர் பலர். நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டது அதே மலையின் பக்கத்தில், கல்லிலேயே கிழிக்கப்பட்டிருக்கும் வேறோர் எல்லையைப் பற்றியதாகும். அதன் கீழுள்ள பாறைக்கும் மேலுள்ள பாறைக்கும் இடையே ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாத காலம் கழிந்திருக்கிறது. திருமலைக்கு ஏறும் பேருந்து அந்தக் கோட்டைக் கடப்பதற்கு ஒரு கணம் போதும்.

கோட்டின் கீழிருந்தே தொடங்குவோம். ஊர் வழக்கில் நாம் கருங்கல் என்று ஒரே பெயரிட்டு அழைப்பவை உண்மையில் பலவகைக் கற்கள். நிலநூலார் அவற்றைப் பிறப்பை வைத்துப் பிரிப்பர். உருகிய குழம்பு ஆறி இறுகியது ஒருவகை. மணலும் சேறும் சுண்ணாம்பும் நீரடியில் படிந்து கெட்டிப்பட்டது மற்றொரு வகை. நம் சமையலறை மேடையில் பதித்திருக்கும் கடப்பைக் கல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டில் எதுவாயினும், பூமியின் ஆழத்தில் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் ஆட்பட்டு, உருகாமலே தன் தாதுக்களை மாற்றிக்கொண்டால் அது மூன்றாம் வகையாகிறது. அதனை உருமாறிய பாறை என்கிறோம். பச்சைச் செங்கல் சூளையில் வெந்து சிவப்பதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். வடிவம் கெடுவதில்லை, பொருளின் இயல்பு மாறிவிடுகிறது. புளிக்குழம்பு வைக்கப் பாட்டிமார் விரும்பிய கல்சட்டி மாக்கல்லால் ஆனது. அந்த மாக்கல்லும் உருமாறிய பாறையே. கிணறு வெட்டும்போது மண்ணில் மின்னும் காக்காப்பொன்னும் பெரும்பாலும் இத்தகைய பாறையிலிருந்து உதிர்ந்ததே ஆகும்.

சித்தூர், புங்கனூர், பலமநேர்ப் பக்கங்களில் யானைகள் படுத்திருப்பது போலக் கிடக்கும் குண்டுப் பாறைகள் கிரானைட்டும், நைஸ் என்னும் வரிப்பாறையும் ஆகும். நைஸ் பாறையை உடைத்துப் பார்த்தால் வெளிறிய வரியும் கரிய வரியும் மாறிமாறி ஓடும். ஆழத்தில் பாறை மென்மையுற்று நசுங்கியபோது தாதுக்கள் வரிசை பிடித்து நின்றதன் அடையாளம் அது. மைசூர் மேட்டுநிலம் முழுவதையும் உள்ளடக்கிய தார்வார் நிலத்தொகுதியின் கிழக்குப் பாகத்தைச் சேர்ந்தவை இவை. இவற்றில் பெரும்பாலானவை 270 கோடி ஆண்டுகளுக்கும் 250 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் உருவாயின. பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்பதையும், அக்காலத்தில் காற்றில் நாம் சுவாசிக்கத்தக்க உயிர்வாயு இல்லை என்பதையும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே உயிர்க்குலம் அனைத்துமாக இருந்தன என்பதையும் நினைவிற் கொண்டால் அந்தப் பழமை ஓரளவு மனத்திற் பதியும்.

இந்த வரிப்பாறை நிலத்தினூடே வடக்குத் தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு கரிய பட்டை ஓடுகிறது. அதன் அகலம் சில கிலோமீட்டரே. அதுதான் கோலார்த் தங்கவயலின் பாறை. அதன் தென்முனை சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியில் புகுந்து, தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தை எட்டுகிறது. பிசாநத்தம், சிகரகுண்டா ஆகிய தங்கச் சுரங்கங்கள் அமைந்தது இத்தென்முனையில்தான். ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பே, பின்னர் ஆழத்தில் வெந்து, இப்பட்டையின் கரும்பச்சைப் பாறையாக உருமாறியது. அதன் வெடிப்புகளில் சூடான நீர் கொண்டுவந்து சேர்த்த வெங்கச்சங்கல் நரம்புகளில் பொன் தங்கிற்று.

இந்தப் பாறையை நூல் வழியாக அன்றிக் கையால் அறிந்தவர் நம் மக்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் சுரங்கத் தொழிலை ஏற்ற பின்னர், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்று குடியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. அங்கே பாறைச் சுவர் தொட முடியாதபடி சுட்டது. மேலுள்ள பாரத்தைத் தாங்காமல் திடீரெனச் சிதறவும் செய்தது. பாறை வெடிப்பு என்று தொழிலாளர் அஞ்சிய அந்நிகழ்ச்சியில் மாண்டோர் பலர். உருமாற்றம் நிகழ்வதற்கு வேண்டிய வெப்பமும் அழுத்தமும் எத்தகையவை என்பதற்கு அவர்கள் உடலே சான்றாக இருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பாரதத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் சுரங்கங்களை மூடியது. அங்கே பிறந்து வளர்ந்தோரின் மக்கள் இன்று நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

கோலார்ப் பட்டை அறிவியலுக்குச் செய்த உதவி பொன்னினும் பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. பட்டையின் மேற்கிலுள்ள நைஸ் பாறையில் 320 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு கண்டத் துண்டின் சுவடு கலந்திருக்கிறது. கிழக்கிலுள்ளதோ ஏறக்குறைய 253 கோடி ஆண்டு வயதுடையது. அதில் அந்தப் பழஞ்சுவடு இல்லை. சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பாறைகள் தம் பிறப்பு வரலாற்றில் ஒன்றோடொன்று உறவின்றி இருப்பது எங்ஙனம்? ஒரு காலத்தில் அவை தொலைவிலிருந்த இரு நிலப்பகுதிகள், நடுவில் கடலடித் தளம் கிடந்தது, அத்தளம் இடையே நசுங்க இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டன என்று ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்து வி. ராஜாமணியும் அமெரிக்க அறிஞர் சிலரும் 1989-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். புவித்தட்டுகள் நகர்ந்து மோதுவது 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது என்பதற்குக் கோலார் ஒரு சான்றாயிற்று. இமயத்தை எழுப்பிய அதே வினை, அதற்கு நெடுங்காலம் முன்பே நம் தெற்கில் நடந்திருக்கிறது.

மோதல் நிலப்பரப்பைத் தடிக்கச் செய்யும். தடித்த நிலத்தின் அடிப்பாகம் மேலும் ஆழத்திற்கு அமிழும். பின்னர் முழு நிலமும் சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்து தேய்ந்தமையால், தென்னிந்தியாவில் ஒரு விந்தை ஏற்பட்டுள்ளது. கோலார், குப்பம் பகுதியிலிருந்து தெற்கே கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக நடப்பவர், தாம் அறியாமலே பூமியின் பழைய ஆழங்களுக்குள் இறங்கிச் செல்கிறார். வரிப்பாறை படிப்படியாகக் கருத்து, எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் சார்னோகைட் என்னும் பாறையாக மாறுவதை அவ்வழியே காணலாம். இருபது கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் உருமாறிய பாறை இது.

சார்னோகைட் என்ற பெயர் வந்த கதை கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்குச் சுவை தரும். அந்நகரை நிறுவியவராகக் கூறப்பட்டு வந்த ஜாப் சார்னக்கின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் மேலிட்ட கருங்கல், சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கடல்வழியே சென்றதாகும். புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து 1893-இல் அக்கல்லை ஆராய்ந்து, அத்தகைய பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் இலங்கையில் கிடைத்தாலும் உலகெங்கும் அப்பாறைக்கு இன்று அதுவே பெயர். கல்கத்தாவிற்குக் குடிபெயர்ந்த சென்னைக் கல் ஒன்று ஓர் அனைத்துலகச் சொல்லைப் பெற்றுத் தந்தது.

இனித் திருமலைக்கு வருவோம். மலையின் கீழ்ச்சரிவு முழுவதும் நாம் மேலே சொன்ன பழைய கிரானைட்டும் நைஸும் ஆகும். அதனை ஊடறுத்து, டோலரைட் என்னும் கரிய பாறை ஆங்காங்கே சுவர்போல நிற்கிறது. நிலம் இழுபட்டுப் பிளந்தபோது, கீழிருந்து குழம்பு அப்பிளவுகளில் ஏறி உறைந்ததால் உண்டானவை இச்சுவர்கள். தார்வார் நிலமெங்கும் காணப்படும் இத்தகைய சுவர்களில் ஒரு பெருங்கூட்டம் 237 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. கல்லறைக்கும் தரைக்கும் பளபளப்பாக இழைத்து விற்கப்படும் 'கருப்புக் கிரானைட்'டில் பெரும்பகுதி இச்சுவர்களை வெட்டி எடுத்ததே. வணிகர் இட்ட பெயர் கிரானைட் என்றாலும் பாறை கிரானைட் அன்று.

சரிவில் ஏறிச் செல்லும்போது கிரானைட் ஓரிடத்தில் முடிகிறது. அதன்மேல் கூழாங்கற்கள் பொதிந்த மெல்லிய அடுக்கும், அதற்கு மேல் வெளிர்சிவப்பான குவார்ட்சைட் அடுக்குகளும், ஏறக்குறைய மட்டமாக, புத்தகங்களை அடுக்கி வைத்தாற்போல உச்சி வரையில் செல்கின்றன. தொலைவிலிருந்து செங்குத்துச் சுவராகத் தெரிவது இவ்வடுக்குகளே. நகரிக்கு அருகே வங்கக் கடலில் வரும் மாலுமிகள் அடையாளமாகக் கொண்ட 'நகரி மூக்கு' என்னும் சிகரமும் இப்பாறையே. அதனால் இதற்கு நகரிக் குவார்ட்சைட் என்று பெயர். ஒரு காலத்தில் இது வெறும் மணல். ஆழமில்லாத நீரில் அலை அளைந்த மணல் எப்படிச் சிற்றலைத் தடம் கொள்ளுமோ அப்படிப்பட்ட தடங்கள் இக்கற்பலகைகளில் இன்றும் தெளிவாக உள்ளன. கடப்பைப் படுகை என்று சொல்லப்படும் 44,000 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புள்ள பெரும்பள்ளம் மெல்ல மெல்லத் தாழ்ந்து, மணலையும் சேற்றையும் சுண்ணாம்பையும் வாங்கிக்கொண்ட காலத்தின் தடங்கள் அவை. அப்படுகையின் கிழக்கோரம் பின்னர் மோதல்களில் நெருக்குண்டு நல்லமலை, வெலிகொண்டா மடிப்புகளாக மடங்கியது. திருப்பதிப் பக்கம் அந்த நெருக்கடிக்குப் பெரிதும் தப்பியது. இங்கே மணற்கல் உருமாறியது மிக இலேசாகவே. மணிகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் அளவிற்கு இறுகின, அலைத்தடம் அழியவில்லை. ஆயினும் அந்தப் பற்று வலிது. மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றி உடையும். குவார்ட்சைட்டை உடைத்தால் மணிகளையே அறுத்துக்கொண்டு உடையும். இக்குணத்தை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

கிரானைட்டும் குவார்ட்சைட்டும் தொடும் கோடே நாம் முன்னர்ச் சொன்ன எல்லை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லை நேரே பெயர்த்தால் 'ஒவ்வாமை' என்று வரும். அச்சொல்லை மருத்துவர் எடுத்துக்கொண்டுவிட்டபடியால் நாம் காலமுறிவு என்று கூறுவோம்.

இந்த முறிவு எதனை உணர்த்துகிறது? கிரானைட் பூமிப்பரப்பில் உருவாகும் பொருளன்று. பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே பாறைப் போர்வை இருக்க, மெதுவாக ஆறுவதால்தான் அதன் மணிகள் பெரியவையாக வளர்கின்றன. அத்தகைய கிரானைட்டின் மேல் அலை அளைந்த மணல் நேராகப் படிந்திருக்கிறது என்றால், மணல் வருவதற்கு முன்பே அந்தப் போர்வை முழுவதும் மழையாலும் காற்றாலும் ஆற்றாலும் கரைந்து போயிருக்க வேண்டும். மேலும், கிரானைட்டை ஊடறுக்கும் டோலரைட் சுவர்கள் இக்கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன, குவார்ட்சைட்டிற்குள் நுழையவில்லை. ஆகவே அவை உறைந்து, அவற்றின் தலையும் தேய்ந்து மழுங்கிய பின்னரே மணல் வந்தது. கீழ்ப்பாறைகள் 210 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், மேலுள்ள மணற்படிவு ஏறக்குறைய 160 கோடி ஆண்டுகளுக்கு உரியது என்றும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டுள்ளது. படிவின் வயதைப் பற்றி அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு. 160 கோடி என்ற கணக்கையே கொண்டாலும் இடைவெளி ஐம்பது கோடி ஆண்டு. கடலில் ஓடுடைய உயிர்கள் பல்கத் தொடங்கியது முதல் மனிதன் வரை வந்த வரலாறு முழுவதும் 54 கோடி ஆண்டுகளில் அடங்கும் என்றால், அதற்கு ஏறக்குறைய நிகரான காலம் இந்த ஒரு கோட்டிற்குள் மறைந்து கிடக்கிறது. ஏடு எழுதப்படாத காலம் என்று இதனைச் சிலர் கூறுவர். நமக்கு அது முற்றும் உடன்பாடன்று. மலைகள் கரைந்து சமவெளியானதே அக்காலத்தின் செயல், அச்சமவெளியின் வெட்டுமுகமே இக்கோடு.

1851-இல் தொடங்கப்பெற்ற புவியியல் ஆய்வுத்துறையின் சென்னைப் பிரிவில் பணியாற்றிய வில்லியம் கிங், கடப்பை, கர்நூல் பாறைகளைப் பற்றி 1872-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். மாட்டுவண்டியிலும் குதிரையிலும் சென்று, காடுகளில் கூடாரமடித்து வரைந்த படம் அது. அதன் பெரும்போக்கு இன்றளவும் பயன்படுகிறது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சார்னோகைட்டிற்குப் பெயரிட்ட அதே ஹாலந்து, இப்படிவுகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று தேடி, 'புராண' என்ற வடசொல்லைத் தெரிந்தெடுத்தார். பழமையானவை என்பதே அவர் கருதிய பொருள். தலபுராணங்கள் பல சூழ்ந்த ஏழுமலையின் கல்லுக்கே அறிவியல் நூலில் புராணம் என்ற பெயர் வாய்த்ததை எண்ணி, மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் பலமுறை முறுவலித்தது உண்டு.

மலைப்பாதையில் இக்காலமுறிவு தெரியும் பகுதியையும், கோயிலுக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிலாதோரணத்தையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாக ஆய்வுத்துறை அறிவித்துள்ளது. சிலாதோரணம் ஏறக்குறைய 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள இயற்கை வளைவு. குவார்ட்சைட் அடுக்குகளில் மென்மையானவை அரிக்கப்பட்டுப் போக, வன்மையானவை தோரணமாக நிற்கின்றன. இங்கே வருவோர் மிகப் பலர். காலமுறிவைக் காண நிற்பவர் அரியர். அது பாதையோரத்து வெட்டுச்சுவரில் உள்ளது, ஊர்தியை அங்கே நிறுத்துதலும் எளிதன்று.

அந்த வெட்டுச்சுவர் முற்றிலும் உறுதியானதும் அன்று. முதல் மலைப்பாதை 1944-இலும் இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டன. குவார்ட்சைட் வலிதேயாயினும் அதில் குறுக்கும் நெடுக்கும் பிளவுகள் உண்டு. மழைநீர் அப்பிளவுகளில் புகுந்து கட்டிகளைத் தளர்த்துகிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழைக்குப் பின், டிசம்பர் முதல் நாளன்று பெரும்பாறைகள் இரண்டாம் பாதையில் உருண்டு விழுந்து, சாலை உடைந்து போக்குவரத்து நின்றது. யாத்திரிகரின் உயிரைக் காக்கச் சரிவைக் கம்பிவலையாலும் காரையாலும் மூடவேண்டும் என்பர் பொறியாளர். சான்று கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பர் நிலநூலார். இரண்டும் நியாயமே. கோடு தெளிவாகத் தெரியும் ஒரு சிறு பகுதியையேனும் மூடாமல் விட்டு, எதிரே பார்ப்பவர் அபாயமின்றி நிற்க இடமும், தெலுங்கிலும் தமிழிலும் ஒரு விளக்கப் பலகையும் அமைத்தால் போதும் என்பது நம் கருத்து.

இந்தக் குவார்ட்சைட் மலையோடு நிற்கவில்லை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆறுகள் அதனை உடைத்து உருட்டிக் கூழாங்கற்களாக்கித் தென்கிழக்கே சத்தியவேடு, அல்லிக்குழி மலைப்பக்கங்களில் கொண்டுபோய்க் குவித்தன. அக்குவியல்களும் இறுகிப் பாறையாகிப் பின்னர் மறுபடியும் உதிர்ந்தன. அங்கிருந்து கொற்றலையாற்றுப் படுகைக்கு ஏராளமான கூழாங்கற்கள் வந்து சேர்ந்தன. மணிகளையே அறுத்துக்கொண்டு உடையும் கல் என்று முன்னே கூறினோம். அத்தகைய கல்லைத் தட்டினால் கூரிய விளிம்பு கிடைக்கும். அதனைக் கண்டுகொண்டவன் ஆதிமனிதன்.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் புவியியல் ஆய்வுத்துறையின் இராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்தில் குவார்ட்சைட் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. அன்று பூட்டுடன் சென்றவர் வில்லியம் கிங். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கடப்பைப் பாறைகளின் நூலை வெளியிட்ட அதே கிங். அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் அகழ்ந்த சாந்தி பப்புவும் குழுவினரும், அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர். பூட் திரட்டிய கற்கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. விடுமுறைக்குச் சென்னைக்கு வருவோர், ஊருக்குத் திரும்பும் வண்டி மாலையில் புறப்படுவதாயின், காலையில் அங்கே சென்று அக்கோடரிகளைப் பார்க்கலாம். அவ்வண்டி அரக்கோணத்தைத் தாண்டிப் புத்தூர் வழியாகச் செல்லுமாயின், இருட்டுமுன் அவற்றின் தாய்ப்பாறையும் சன்னலில் தெரியும்.